காலையில கேட்டைத் திறந்து விட்டா ஆச்சா? நாய் வெளிக்கு இருந்ததை யார் அள்ளுறது?

பகாவ்காரி

வணக்கம். மலேசியாவுல நெகிரி செம்பிலான் பகாவ்ல இருந்து எழுதுறேன். ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

என் வீட்டுக்காரர் புல் வெட்டுற வேலை செய்றார். முன்ன செம்பனைத் தோட்டத்துல குலை அறுத்துக்கிட்டு இருந்தவர். நாள் பூரா அண்ணாந்து பார்த்தே கழுத்து போச்சு. இப்ப ஒரு குத்தகைக்காரர்கிட்ட சேர்ந்து குடியிருப்புத் தாமான் ரோட்டோரம், லோங்காங் சாக்கடைக் கரை, திடல், கோயில் வாசல்னு மெசின்ல வெட்டிக்கிட்டு வர்றார்.

அந்த மெசின் முனையில சுத்துறது நைலோன் கயிறு. எதுமேல பட்டாலும் தெறிக்கும். கல்லு தெறிக்கும், போத்தல் துண்டு தெறிக்கும். மூணு வாரம் வளர்ந்த புல்லுக்குள்ள நாய் எங்க இருந்துட்டுப் போயிருக்குன்னு வெட்டுறவருக்குத் தெரியாது. கயிறு பட்ட பிறகுதான் தெரியும். காய்ஞ்சது தூளாப் பறக்கும். மழை நாள்ல எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாசம் ஒரு மத்தியானம் அவர் வந்து வீட்டுக்குள்ள ஏறலை. வெளிய பைப்படியில நின்னுக்கிட்டு, “டெட்டாலை எடுத்துட்டு வா”ன்னு மட்டும் சொன்னார். முகத்துக்கு மாட்டுற வலையைத் தாண்டி உதட்டுல பட்டிருந்துச்சு. கொப்பளிச்சுத் துப்புறார், மறுபடியும் கொப்பளிக்கிறார், நிறுத்த மனசு வரலை அவருக்கு. நான் ஏப்ரனை வாங்கி கல்லுமேல விரிச்சேன். தையல் ஓரத்துலயும் வார்ப்பட்டை மடிப்புலயும் ஒட்டியிருந்ததைப் பழைய பல்லு பிரஷ்ஷால நோண்டி நோண்டி எடுத்தேன். குளோரோக்ஸ் போட்ட வாளியில ராத்திரி பூரா ஊறியும் அந்த வார்ப்பட்டையில வாடை போகலை. அன்னைக்கு அவர் சாப்பிடலை. பசிக்கலைன்னார். காலையில அஞ்சரைக்கு ரெண்டு ரொட்டி தின்னுட்டுப் போன மனுசன்.

நாயைப் பிடிக்காதவ பேசுறேன்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்டுலயும் ஒரு நாய் இருக்கு, மணி. பதினொரு வயசு. கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கூட்டிட்டுப் போவேன், சட்டைப் பையில ரெண்டு ரொட்டிப் பை இருக்கும். பையைக் கையுறை மாதிரி கையில மாட்டி, அள்ளி, அப்படியே உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி புரட்டி, முடிச்சுப் போட்டா கையில ஒண்ணும் படாது. அரை நிமிசம் கூட ஆகாது.

எங்க வரிசையில பத்துப் பன்னிரண்டு வீட்டுல நாய் இருக்கு. கயித்துல பிடிச்சுக்கிட்டு வர்றவங்க என்னையும் சேர்த்து ரெண்டே பேர். மத்தவங்க காலையில ஆறு மணிக்கு கேட்டைத் திறந்து விட்டுடுவாங்க. அது தானாப் போகும், பத்து நிமிசத்துல தானா வந்து கேட்டைப் பிறாண்டும். இவங்க உள்ள தேத்தண்ணி கலக்கிக்கிட்டு இருப்பாங்க. எங்க போச்சு, என்ன பண்ணுச்சுன்னு கண்ணால பார்க்கலையா, அப்ப அது தன்னோடதுன்னே தோணாது. கெட்ட மனசு உள்ளவங்க யாரும் இல்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல்னா முதல்ல ஓடி வர்றவங்க இவங்கதான்.

நான் பிறந்தது லயத்து வீட்டுல. அங்க நாயைக் கட்டிப்போட்டு வளர்த்ததை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பின்னால ரப்பர் மரம், அதுக்குப் பின்னாலயும் ரப்பர் மரம். அது எங்கயோ போகும், வரும். வாசலைக் கூட்ட, லோங்காங் கழுவ தோட்டத்துலயே ஆள் போட்டிருந்தாங்க. அப்புறம் தோட்டம் கை மாறி, லயத்தை இடிச்சு, நாங்க எல்லாரும் இந்த இருபதுக்கு அறுபது வீட்டுக்கு வந்தோம். நாயைக் கூட்டிட்டு வந்தோம். மரம் வரலை. கூட்டுற ஆளும் வரலை.

ரெண்டு வீடு தள்ளி ஒரு ஆன்ட்டி இருக்காங்க. அம்மா மாதிரி. அவங்ககிட்ட மெதுவாத்தான் சொன்னேன், “ஆன்ட்டி, ஒரு பையை எடுத்துக்கிட்டு கூடவே போங்களேன்”னு. அவங்க முகம் மாறிடுச்சு. “ஏண்டி, நாம என்ன தோட்டியா?”ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் வரலை. ஏன்னா அந்த வார்த்தைக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்கும் தெரியும். எங்க தோட்டத்துல கக்கூஸ் வாளி தூக்கினவருக்குத் தேத்தண்ணி தனி மங்குலதான் கொடுத்தாங்க. அந்த மங்கு எங்க பாட்டி வீட்டு வெளித் திண்ணையில கவுத்துக் கிடக்கும். சின்னப் பிள்ளையில நான் அதைத் தொட்டதுக்கு அடி வாங்கியிருக்கேன். ஆன்ட்டி வேணும்னு சொன்ன வார்த்தை இல்லை, உள்ள ஊறிப்போனது வெளிய வந்துச்சு. ஆனா யாரோ ஒருத்தர் அள்ளத்தானே வேணும்? இப்ப அதை வாயில வாங்குறது என் புருசன்.

வாட்சாப் குரூப்ல படம் எடுத்துப் போட்டேன். தப்பு பண்ணிட்டேன். ரெண்டு பேர் குரூப்பை விட்டே போயிட்டாங்க. மனசு நோகாம, உறவு முறியாம இதை எப்படிச் சொல்றது? உங்க தாமான்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்காங்களா?

மூணு நாய்க்காரன்

அக்கா, நான் நேராப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. நானும் கேட்டைத் திறந்து விடுற ஆளுதான். எங்க தாமான்ல கேட்பாரில்லாத நாய் மட்டும் ஒரு கூட்டம் இருக்கு. சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால குட்டி போட்டுப் பெருகிக்கிட்டே போகுது. திடல்ல கிடக்கிறதுல பாதிக்கு மேல அதுங்க போட்டது. அதை யாரும் கேட்கிறதில்லை. வீட்டுல வளர்த்து, சோறு போட்டு, ஊசி போட்டு வச்சிருக்கிறவனைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிறாங்க.

இன்னொண்ணு, எனக்கு வேலை ரெண்டு ஷிப்ட். ராத்திரி வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வீடு வந்தா மூணு நாயைத் தனித்தனியா நடத்திட்டுப் போக உடம்புல தெம்பு இல்லை. மழை பெய்ஞ்சா கரைஞ்சு போயிடும், மண்ணுக்கு உரம்தானேன்னு விட்டுட்டேன். இவ்வளவு நாளா அப்படித்தான் நினைச்சேன்.

உங்க வீட்டுக்காரர் விஷயம் படிச்சப்போ மனசு என்னமோ பண்ணுச்சு. அது வேற.

பழைய டிரெசர்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷம் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன். மேலே தம்பி எழுதிய ‘உரம்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுச் சாணியும் நாய் மலமும் ஒன்றல்ல, தம்பி. மாடு புல் தின்கிறது. நாய் இறைச்சி தின்கிறது, எலியைக் கடிக்கிறது, கண்டதையும் நக்குகிறது. அதன் குடலில் இருக்கும் புழுக்கள் மனிதனுக்கும் வரும். கீரைப் பாத்திக்கு அதைப் போடவே கூடாது.

முக்கியமாக இரண்டு புழுக்கள். ஒன்று கொக்கிப்புழு. அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்தால், நம் ஊர் சூட்டிலும் ஈரத்திலும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுவாகிக் காத்திருக்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். நாய்க் கொக்கிப்புழுக்களில் பெரும்பாலானவை மனித உடம்பில் முழுதாக வளர முடியாமல், தோலுக்கடியிலேயே ஊர்ந்து திரியும். பாதத்தில் சிவப்பாக, நூல் போட்டு இழுத்ததுபோல் வளைந்து வளைந்து ஒரு கோடு. இன்றைக்கு இங்கே இருக்கும், நாளைக்கு ஒரு விரற்கடை தள்ளி இருக்கும். ராத்திரியில் அரிப்பு தூங்க விடாது. எத்தனை பிள்ளைகளின் உள்ளங்காலில் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பேன்! தாய்மார்கள் பூரான் ஊர்ந்தது என்று மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு வருவார்கள். சிலோன் கொக்கிப்புழு என்று ஒரு வகை உண்டு. அது நாயிடமிருந்து வந்து மனிதக் குடலிலேயே தங்கி ரத்தம் குடிக்கும். நம் நாட்டு நாய்களிடமும் அது இருக்கிறது.

இரண்டாவது டொக்சொகாரா என்னும் உருண்டைப்புழு. இதன் முட்டை ஓடு கெட்டி. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மழை பெய்தால் மலம் கரையும், முட்டை கரையாது, திடல் முழுக்கப் பரவும். அவ்வளவுதான் மழை செய்கிற உபகாரம். மண்ணளைந்த கையைப் பிள்ளை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் புழு கண்ணுக்குள் ஏறினால் பார்வையே போகலாம்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உருண்டைப்புழு முட்டை விழுந்த உடனே தொற்றாது. முற்றுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரமாவது வேண்டும். ஆகவே அன்றன்றைக்கு அள்ளினால் விஷயம் அங்கேயே முடிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை புல் வெட்ட வரும்வரை விட்டுவைத்தால், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலேயே அந்தப் புழு வந்துவிடும். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து புழு மருந்து கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: வலை மட்டும் போதாது, உள்ளே கண்ணாடியும் முகக்கவசமும் போடட்டும். கையில் காலில் கீறல் இருந்தால் பிளாஸ்டர் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போகட்டும். தொடர்ந்து வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால் கிளினிக்கில் தன் வேலை என்ன என்று கட்டாயம் சொல்லட்டும். சொன்னால்தான் டாக்டருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும்.

நம் கோயில் திருவிழாவில் அங்கப்பிரதட்சணம் உருளுகிறவர்கள் எந்த மண்ணில் உருளுகிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். முதல் நாள் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிடுகிறோம். வருஷம் முழுக்க அந்த வாசலில் நாய் இருந்தது யார் கணக்கு?

கெடா மண்

நாங்க இருக்கிற வரிசையில பாதி மலாய்க்காரங்க. எங்களுக்குப் பழக்கம் நல்லாத்தான் இருக்கு, தீபாவளிக்கு முறுக்கு போகும், நோன்புப் பெருநாள் ராயாவுக்கு லெமாங் வரும்.

ஒரு நாள் விடியக்காலை எதிர்வீட்டு மாச்சிக், அந்த மலாய் அம்மா, தொழுகை நடக்கிற சுராவுக்குக் கிளம்பினவங்க இருட்டுல எங்க நாய் இருந்ததை மிதிச்சுட்டாங்க. பாவாடை ஓரத்துலயும் பட்டிருச்சு. அவங்க முறைப்படி நாயோட கழிவு பட்டா சும்மா சோப்பு போட்டுக் கழுவ முடியாது. ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை சுத்தமான மண் கலந்த தண்ணி. அது ஆகுறதுக்குள்ள அன்னைக்கு சுபோ தொழுகைக்கு அவங்களால போக முடியலை.

அவங்க திட்டலைங்க. ஒரு வார்த்தை சொல்லலை. என் மாமியார்தான் பின்பக்கம் போய் யார் காலும் படாத இடத்துல மண் தோண்டி, சல்லடையில சலிச்சு, ஒரு வாளித் தண்ணியோட கொண்டுபோய்க் கொடுத்தாங்க. திரும்பி வந்து, நான் அப்பான்னு கூப்பிடுற மாமனார்கிட்ட ஒரே பேச்சுதான்: “நாளையிலேர்ந்து நாய் போனா நீங்களும் கூடப் போங்க.” அன்னைக்கு ஆரம்பிச்சது, நாலு வருசமா அப்பா போறார். எழுபத்தொரு வயசு. பழைய பேப்பரும் ஒரு சின்னத் தகரச் சட்டியும்தான் அவர் சாமான்.

பகாவ் அக்கா, எங்க வரிசையில மத்தவங்களுக்கு நாங்க யாரும் சொல்லலை. அப்பா குனிஞ்சு அள்ளுறதைத் தினமும் பார்த்துப் பார்த்து ரெண்டு வீட்டுக்காரங்க தானா ஆரம்பிச்சாங்க. மூணாவது வீடு இன்னும் இல்லை.

காஸ்வே லோரி

ஜொகூர்ல இருந்து சிங்கப்பூருக்கு லோரி ஓட்டுறேன். அங்க நாய் இருந்ததை அள்ளாம போனா முதல் தடவையே 1,000 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம். நம்ம ஆளுங்களும் அங்க போனா பையோடதான் நடக்கிறாங்க, பார்த்திருக்கேன். பாலம் தாண்டி வந்தா பை எங்க போச்சுன்னு தெரியலை.

இங்கயும் சட்டம் இல்லாம இல்லை. ஜொகூர், நெகிரி, மலாக்கா, கெடா மாதிரி மாநிலங்கள்ல 2011 செப்டம்பர்ல இருந்து 672 சட்டம், அதாவது திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டம், நடப்புல இருக்கு. 2026 ஜனவரி 1-லேர்ந்து பொது இடத்துல குப்பை போட்டு மாட்டினா 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், அதோட 12 மணி நேரம் வரைக்கும் பொது இடத்தைச் சுத்தம் பண்ற சேவை. ஆனா காலையில ஆறு மணிக்கு உங்க திடல்ல எந்த அதிகாரி வந்து நிப்பார்? ஊர்க்காரங்க பேசினாத்தான் உண்டு.

மூணு நாய்க்காரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. லைசன்ஸ் பட்டை இல்லாம வெளிய சுத்துற நாயை உள்ளூர் மன்றத்து ஆளுங்க பிடிச்சுக்கிட்டுப் போனா அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை. நாய்மேல உள்ள பாசத்துக்காகவாவது கேட்டைச் சாத்துங்க.

மூணு நாய்க்காரன்

டிரெசர் ஐயா சொன்ன சிவப்புக் கோடு என் மகள் கால்ல போன வருசம் வந்துச்சு. கிளினிக்ல மாத்திரை கொடுத்தாங்க, போயிடுச்சு. எதனாலன்னு நான் கேட்கவே இல்லை. பிள்ளை எங்க வீட்டு வாசல்லயும் திடல்லயும்தான் செருப்பில்லாம ஓடும்.

சரி, அள்ளுறேன். ஆனா ராத்திரி ஷிப்ட் வாரத்துல எப்படி? மூணையும் வீட்டு வளாகத்துக்குள்ளேயே ஒரு இடத்துல இருக்கப் பழக்க முடியுமா? பெரிசுக்கு ஆறு வயசு ஆச்சு.

கெடா மண்

முடியும் அண்ணே. சாப்பிட்டுக் கால் மணியில இருந்து அரை மணிக்குள்ள பெரும்பாலும் நாய்க்கு வந்துடும். சோத்தை நேரத்துக்கு வைங்க, நாள் பூரா தட்டுல கிடக்க விடாதீங்க. சாப்பிட்டதும் கயித்தைப் போட்டு ஒரே மூலைக்குக் கூட்டிட்டுப் போங்க. கொஞ்சம் மணல் கொட்டி வைங்க. முதல் நாள் அது இருந்ததுல துளி அங்கயே விட்டு வச்சா மோந்து பார்த்துட்டு அதே இடத்துல உட்காரும். இருந்து முடிச்ச உடனே தட்டிக் கொடுங்க, ஒரு துண்டு ஏதாவது கொடுங்க. வீட்டுக்குள்ள வந்து கொடுத்தா அதுக்குப் புரியாது. எங்க வீட்டு நாய்க்கு அஞ்சு வயசுல பழக்கினோம், மூணு வாரம் ஆச்சு.

பகாவ்காரி

எல்லாருக்கும் நன்றி. டிரெசர் ஐயா, நீங்க எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். கண்ணாடி வாங்கியாச்சு.

ஆன்ட்டிகிட்ட நான் மறுபடியும் பேசப் போகலை. கெடா மண் அவங்க அப்பாவைப் பத்திச் சொன்னதை வச்சு வேற மாதிரி பண்ணினேன். புதன்கிழமை சாயந்திரம் மணியைக் கூட்டிட்டு அவங்க கேட்டுல போய் நின்னு, “ஆன்ட்டி, நாளைக்கு என் வீட்டுக்காரர் நம்ம திடலை வெட்டுறார், முன்னாடி ஒரு தடவை பார்த்து அள்ளிடலாம்னு போறேன், டார்ச் பிடிக்க ஆள் இல்லை”ன்னேன். அவங்க ஒண்ணும் பேசலை. உள்ள போய்த் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வந்தாங்க.

முதல்ல டார்ச் மட்டும்தான் பிடிச்சாங்க. நான் பையைக் கையில மாட்டி அள்ளுறேன், முடிச்சுப் போட்டு வாளியில போடுறேன். ஏழெட்டு ஆன பிறகு என் பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்து, அந்த ரொட்டிப் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. “கையில படலையேடி”ன்னாங்க. “படாது ஆன்ட்டி”ன்னேன். “மார்கழி மாசம் பூரா வெறுங்கையில சாணி கரைச்சுத் தெளிச்ச கைதான் இது”ன்னு அவங்களே சொல்லிக்கிட்டு அடுத்ததை அவங்க அள்ளினாங்க. அதுக்கு மேல ஒரு பேச்சும் இல்லை. அந்த வார்த்தையைப் பத்தி அவங்களும் எடுக்கலை, நானும் எடுக்கலை.

இருபத்து மூணு எண்ணினோம். இருட்டிப் போச்சு, கொசு வேற. மூணு நாய்க்காரன் தம்பி சொன்னதும் நிஜம்தான். அதுல எத்தனை வீட்டு நாயோடது, எத்தனை தெரு நாயோடதுன்னு எங்களுக்குத் தெரியாது. தெரு நாய்க்கு யாரும் இல்லை, அதனால அதையும் சேர்த்துத்தான் அள்ளினோம்.

குப்பைத் தொட்டியில வாடை வரும்னு இங்க யாராவது கேட்பாங்க. எங்க பக்கம் வீட்டுக் குப்பை எடுக்க வாரத்துக்கு ரெண்டு நாள் லோரி வருது. நான் ரெண்டு பையா மாட்டி இறுக்கி முடிஞ்சு, லோரி வர்றதுக்கு முதல் நாள் ராத்திரி வரைக்கும் மூடி போட்ட பழைய பெயின்ட் டின்ல பின்பக்கம் வைக்கிறேன். வாடை இல்லை.

வியாழன் அவர் வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்குள்ள ஏறி வந்தார். ஏப்ரனை நான் எப்பவும் போல கல்லுமேல விரிச்சுப் பார்த்தேன். புல்லுதான் ஒட்டியிருந்துச்சு. இடது கால் சப்பாத்துல மட்டும் ஒரு இடத்துல பட்டிருந்துச்சு. எங்கன்னு கேட்டேன், சறுக்குமரத்துக்குப் பின்னாலன்னார். அந்தப் பக்கம் நாங்க டார்ச் அடிச்சுப் பார்க்கலை. ஆன்ட்டிகிட்ட சொன்னேன். அடுத்த வெட்டுக்கு முன்னாடி அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்னாங்க.